ரெண்டு தேனீப் பெட்டிக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு ஓரமா பொழுதுபோக்குக்கு அடுக்குத்தேனீ (பொந்துல அடுக்கடுக்கா அடை கட்டுற நாட்டுத் தேனீ) பெட்டி ரெண்டு வைக்கணும். கையில 10,000 ரூபாய்.

பெட்டியில கஞ்சத்தனம் கூடாது. காயாத மரத்துல செஞ்சது வெயிலுக்கு வளைஞ்சு இடுக்கு விடும், மெழுகுப்பூச்சி நுழையும். அடை கட்டுற மரச்சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடைவெளி கூடினா அங்கேயும் அடை கட்டிடும். சட்டத்தைத் தூக்கும்போது அடை பிய்ஞ்சு புழுவெல்லாம் கொட்டும். நம்ம பக்கம் அளவு பிசகாம செய்யுற ஆசாரி இருக்காரா? ரெண்டு அளவுல பெட்டி வருது: நியூட்டன் பெட்டியா, ஐஎஸ்ஐ பெட்டியா, எதை வாங்கலாம்? கலந்து வாங்கினா ஒண்ணோட சட்டம் இன்னொண்ணுல உட்காராது.

முகவலையும், தேனீயை அமைதிப்படுத்தப் புகை விடுற புகைப்பானும் வாங்கியே ஆகணும். எறும்புக்கு ஸ்டாண்டு காலடியில தண்ணிக் கிண்ணம் போதும்.

செலவை இழுக்குறது, அடையைச் சிதைக்காம சுத்தித் தேன் எடுக்கும் மெஷின்தான். ரெண்டு பெட்டிக்கு அது தண்டம்னு தோணுது. ஆனா மெஷின் இல்லாம அடையைப் பிழிஞ்சா தேனீ மறுபடி மெழுகு சுரந்து கட்டணும், அந்த மெழுகுக்கே ஏகப்பட்ட தேன் செலவாகும். பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் யாராச்சும் வாடகைக்குத் தர்றாங்களா?

இன்னொண்ணு: மா பூக்குற நேரத்துல பக்கத்துத் தோப்புல மருந்து அடிச்சா பெட்டியை எங்கே மாத்துறீங்க? இருட்டினப்புறம் வாசலை அடைச்சுத் தூக்கணும்னு தெரியும். எத்தனை கிலோமீட்டர் தள்ளி வெச்சா பழைய இடத்துக்கே திரும்பாது?