எட்டுப் பேருக்குப் பதினாறு லைசன்ஸ் – சொஃப்ட்போன் கொட்டேசன் விளங்கினாக்கள் சொல்லுங்கோ

கணக்குப்பிள்ளை:

வணக்கம். கே.கே.எஸ். வீதியில ஒரு ரைல்ஸ், பாத்றூம் சாமான் கடையில கணக்குப் பாக்கிறன். போன் சிஸ்டம் என்ர வேலை இல்லை. ஆனால் செக் புத்தகம் என்னட்ட இருக்கிறபடியால் எல்லாம் என்ர மேசையிலதான் வந்து விழுகுது.

கடையில இருக்கிற போன் பெட்டி (பிபிஎக்ஸ் எண்டுவினம், வெளி லைனையும் உள்போனுகளையும் இணைக்கிறது) பனசோனிக் கேஎக்ஸ்-என்எஸ்500. 021 லைன் எல்லாம் அதுக்குள்ளதான் வருது. கீழ ஷோறூமிலயும் மேல கந்தோரிலயும் மேசைப் போன் கிடக்கு, அதில ஒரு குறையும் இல்லை. கரைச்சல் சுன்னாகத்து ஸ்ரோர்ஸ். "இந்த டிசைனில இன்னும் பத்துப் பெட்டி கிடக்கோ" எண்டு ஒருத்தர் கேட்டால், ஷோறூம் பெடியன் தன்ர சொந்தப் போனில இருந்து ஸ்ரோர்ஸ் அண்ணையின்ர சொந்தப் போனுக்கு எடுப்பான். பக்கத்தில நிக்கிற ஆள் அந்த நம்பரையும் எழுதிக்கொண்டு போயிடுவார். இப்ப ஞாயிற்றுக்கிழமை கோயிலில நிக்கேக்கயும் மனிசனுக்குக் கொமேட் விலை கேட்டுக் கோல் வருது. அதுதான் எல்லாற்ற கைப்போனிலயும் சொஃப்ட்போன் (போனா வேலை செய்யிற அப்பு) போட்டுக் கடை எக்ஸ்ரென்ஷனை, அதாவது உள் நம்பரை, விடுவம் எண்டு முதலாளி நிக்கிறார். ஸ்காபரோவில இருக்கிற அவற்ற தம்பிக்கும் ஒண்டு வேணுமாம். கடையில பாதி அவற்ற காசு, மறுக்கேலாது.

கொழும்பில இருந்து வந்த கொட்டேசனில லைசன்ஸுக்கு ரெண்டு வரி: "ஐபி சொஃப்ட்போன் கீ – 8", அதுக்குக் கீழ "எஸ்ஐபி எக்ஸ்ரென்ஷன் கீ – 8". ஆக்கள் எட்டுப் பேர்தான், ஏன் பதினாறு? எடுத்துக் கேட்டால் "சிஸ்டம் அப்பிடித்தான் மிஸ்" எண்டு சொல்லி வைக்கிறார். பிளே ஸ்ரோரில சும்மா கிடக்கிற அப்புக்கு எதுக்குக் காசு எண்டு முதலாளி கேக்கிறார். எனக்கும் அதே கேள்விதான்.

அரியாலையான்:

உதைக் கழட்டி வச்சிட்டு ஒரு கிரான்ட்ஸ்ட்ரீம் யூசிஎம் (வேற கம்பனிப் போன் பெட்டி) போடுங்கோ. எக்ஸ்ரென்ஷனுக்கு லைசன்ஸ் எண்ட கதையே இல்லை.

வயர்மன் கொக்குவில்:

அரியாலையான் சொல்லுறது புதுக் கடைக்குச் சரி. ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியை, வயர் இழுத்த மேசைப் போனுகளோட சேத்துக் கழட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

தங்கச்சி, முதல்ல முதலாளியின்ர கேள்விக்கு வாறன். அப்பு சும்மாதான். காசு கேக்கிறது, அது பிபிஎக்ஸுக்குள்ள வந்து குந்திற கதிரைக்கு. கைப்போனுக்கு லின்போனோ, விண்டோஸ் கொம்பியூட்டருக்கு மைக்ரோசிப்போ இறக்கினால் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை, ரெண்டும் திறந்த மூலம். ஆனால் அது உங்கட பெட்டியில போய்ப் பதிஞ்சு "நான் 215" எண்டு சொல்லேக்க, பெட்டி தன்ர கணக்கில இடம் இருக்கோ எண்டு பாக்கும். இல்லையெண்டால் பதியவே விடாது. அப்பிலயும் கவனம்: சொய்ப்பர் எண்ட அப்பின்ர இலவசப் பதிப்பு சொந்தப் பாவனைக்கு மட்டும், கடைக்கு எண்டால் காசு கட்ட வேணும்.

இனிப் பதினாறு. ஐபி சொஃப்ட்போன் கீ பனசோனிக்கின்ர சொந்த மென்பொருளுக்கு, கொம்பியூட்டரில போட்டுக் கதைக்கிறது. எஸ்ஐபி எண்டது ஐபி வழியாக் கோல் எடுக்கிற பொது முறை; அந்தக் கீ மற்றக் கம்பனிப் போனுகளுக்கும் லின்போன் மாதிரி அப்புகளுக்கும். கொட்டேசனில பொருள் நம்பரைப் பாருங்கோ: என்எஸ்எம்2 எண்டு துவங்கினால் முதல் வகை, என்எஸ்எம்7 எண்டு துவங்கினால் எஸ்ஐபி. கைப்போனில மட்டும் பாவிக்கிற ஆளுக்கு எஸ்ஐபி கீ ஒண்டு போதும். மற்ற எட்டும் எதுக்கு எண்டு அவர் எழுத்தில சொல்லட்டும். போனில கேளாதேங்கோ, மெயிலில கேளுங்கோ.

எதை எண்ணிக் காசு வேண்டினம் எண்டதுதான் இதில முழுக் கதையும். அவாயா ஐபி ஒபீஸ் எண்ட சிஸ்டத்தில ஆளுக்கு ஆள் லைசன்ஸ். 3சிஎக்ஸ் எண்ட சிஸ்டம் கனகாலமா ஒரே நேரத்தில எத்தினை கோல் ஓடுது எண்டு பாத்துத்தான் காசு வேண்டினது. உங்கட பெட்டி எண்ணுறது எக்ஸ்ரென்ஷனை. ஒரு நாளைக்கு ஒரு கோல் பேசிற ஆளும் நாள் முழுக்கப் பேசிற ஆளும் உங்களுக்கு ஒரே விலை. அதால எட்டுப் பேரும் ஆர் ஆர் எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை:

ஸ்ரோர்ஸில ரெண்டு பேர். கிளிநொச்சிப் பக்கமும் பருத்தித்துறைப் பக்கமும் ஓடர் எடுக்கிற ரெப் ரெண்டு பேர். முதலாளி, கனடாத் தம்பி, லொறி ஓட்டுறவர், நான். எனக்கு மேசைப் போன் இருக்கு. என்ர பேரை ஆர் போட்டது எண்டு தெரியேல்லை.

வயர்மன் கொக்குவில்:

அப்ப நீங்கள் வெட்டு. லொறிக்காரர் ஸ்ரியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு ரான்ஸ்பர் பண்ணப் போறாரோ? அவரும் வெட்டு. ஸ்ரோர்ஸில ரெண்டு பேருக்கும் ரெண்டு நம்பர் தேவையோ எண்டும் யோசியுங்கோ. அங்க வைபை இருந்தால் மலிவான எஸ்ஐபி மேசைப் போன் ஒண்டை மேசையில வச்சால், ஆர் கிட்ட நிக்கினமோ அவை எடுப்பினம். கதிரை ஒண்டுதான். ரைல்ஸ் தூசிக்குள்ள கைப்போனைத் தூக்கிக்கொண்டு திரியவும் தேவையில்லை. நான் எண்ணினால் அஞ்சுதான் வருது.

கீ வேண்ட முதல் இன்னும் ரெண்டு விசயம். இந்தக் கீ (அக்ரிவேஷன் கீ) உங்கட மெயின் போர்ட்டின்ர எம்பிஆர் ஐடி எண்ட அடையாள நம்பரோட கட்டினது. ஒரு பெட்டிக்கு எடுத்தது மற்றப் பெட்டிக்கு ஏறாது. ஆரும் "பழைய சிஸ்டத்தில கழட்டின கீ அரை விலைக்கு இருக்கு" எண்டு வந்தால் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ. மற்றது, பனசோனிக் இந்தப் பிபிஎக்ஸ் தொழிலை விட்டு விலகிட்டுது. காசு கட்ட முதல் உங்கட எம்பிஆர் ஐடிக்குக் கீ எடுத்துத் தரேலும் எண்டதை எழுத்தில வேண்டுங்கோ. கீ ஏத்தி, ஒரு போன் பதிஞ்சு, 021இல இருந்து ஒரு கோல் வந்து கதைச்ச பிறகு மிச்சக் காசு.

டிஎஸ்பி கார்ட்டையும் கேளுங்கோ. ஐபியில வாற குரலைப் பழைய லைனோட பொருத்திறது அதின்ர வேலை. போட்டிருக்கோ, எத்தினை சானல் எண்டு தெரியாமல் கீயை மட்டும் வேண்டினால், போன் பதியும், கோல் போகாது.

பருத்தித்துறைப் பெடியன்:

இடையில வாறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. கீயே இல்லாமல் ஒரு வழி இருக்கு. சாதாரண அனலொக் எக்ஸ்ரென்ஷன் போர்ட் சும்மா கிடந்தால், அதில இருந்து ஒரு வயரை எஃப்எக்ஸ்ஓ கேற்வேக்கு (அனலொக் லைனை ஐபிக்கு மாத்திற சின்னப் பெட்டிக்கு) குடுத்து, அங்கால ஒரு பழைய கொம்பியூட்டரில ஃப்ரீபிபிஎக்ஸ் எண்ட இலவசப் போன் சிஸ்டம். அஸ்ரறிஸ்க் எண்ட மென்பொருள்தான் உள்ள ஓடுறது, 1999இல துவங்கின திறந்த மூலம். அதில எத்தினை சொஃப்ட்போனும் பதியலாம். பனசோனிக்கைப் பொறுத்தவரை அது வெறும் ஒரு மேசைப் போன்.

வயர்மன் கொக்குவில்:

தம்பி சொல்லுறது வேலை செய்யும், ஆனால் ஒரு வயருக்கு ஒரு கோல்தான். எக்கோ வந்தால் கேற்வேயில லெவல் பாத்துப் பாத்துத் திருத்த வேணும். ஷோறூமுக்குத் திருப்பி மாத்திறதுக்கு ஃபிளாஷ் அடிக்கிற விளையாட்டு, ரெப்மாருக்குப் பொறுமை இராது. ஆர் பாக்கிறது எண்டதும் கேள்வி. தம்பி பருத்தித்துறையில இருந்து மாதா மாதம் வந்து பாக்கிறதெண்டால் சரி. அஞ்சு கீக்கு மேல போகாட்டி நான் கீயைத்தான் வேண்டுவன்.

ரொறன்ரோத் தமிழன்:

கனடாத் தம்பியின்ர பக்கம் ஒரு சொல். அவருக்காக எண்டு றவுட்டரில 5060 போர்ட்டை (எஸ்ஐபி வாற வாசலை) உலகத்துக்குத் திறந்து விடாதேங்கோ. அதைத் தேடித் திரியிற புரோகிராம் கணக்க இருக்கு. பாஸ்வேர்ட் 1234 எண்டால் இரவிரவா உங்கட லைனில வெளிநாட்டுக்குக் கோல் ஓடும், பில் கடைக்கு. விபிஎன் (இன்ரநெற்றுக்குள்ள பூட்டின தனிப் பாதை) போட்டு உள்ளுக்கு எடுங்கோ, அதுக்கு வயர்காட் எண்ட மென்பொருள் போதும். அவற்ற எக்ஸ்ரென்ஷனுக்கு ஐடிடியை (வெளிநாட்டுக் கோலை) அடைச்சு விடுங்கோ. வேற நாட்டுக்குக் கதைக்க அவருக்கு வட்ஸ்அப் இருக்குத்தானே.

வயர்மன் கொக்குவில்:

நல்ல சொல். ரெப்மாருக்கும் அதே விபிஎன். அன்ரொயிட் போனில பற்றறி மிச்சம் பிடிக்கிற செற்றிங் அப்பைக் கொண்டுபோடும், பிறகு கோல் வராது. அந்த அப்புக்கு மட்டும் அதை நிப்பாட்டி விடுங்கோ. பரந்தன் தாண்டி ஒரு பக்கக் குரல் மட்டும் கேக்குது எண்டு சொன்னால் லைசன்ஸைக் குறை சொல்லாதேங்கோ, றவுட்டரில எஸ்ஐபி ஏஎல்ஜி எண்டு எஸ்ஐபி கோலுக்குள்ள புகுந்து மாத்திற செற்றிங் ஒண்டு இருக்கும், அதை நிப்பாட்டிப் பாருங்கோ.

கணக்குப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. கொழும்புக்கு மெயில் போட்டன்: எஸ்ஐபி கீ அஞ்சு, எம்பிஆர் ஐடி கொட்டேசனில எழுதியிருக்க வேணும், டிஎஸ்பி கார்ட் சானல் எத்தினை, மற்ற எட்டும் எதுக்கு. "மிஸ், அது டெம்ப்ளேட்டில இருந்தது, எடுத்து விடுறன்" எண்டு பதில் வந்திட்டுது. மற்ற மூண்டுக்கும் இன்னும் பதில் இல்லை. லொறிக்கார அண்ணைக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம், தன்னை வெட்டிப்போட்டம் எண்டு.