'மிக்ஸ் மைனஸ்' என்பதற்கு 'நீங்கல்': ஒலிபரப்புக் கொன்சோலுக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

யாழ்ப்பாணத்துக் கலையகம் ஒன்றில் பல ஒலிகளைக் கலந்து அனுப்பும் புதிய ஒலிபரப்புக் கொன்சோலைப் பொருத்தி, ஒலி உள்ளே வரும், வெளியே போகும் அதன் ஒவ்வொரு வழிக்கும் தமிழில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். கொன்சோலின் சிறுதிரை உரோம எழுத்துகளை மட்டுமே காட்டுவதால், 12 மில்லிமீற்றர் வெள்ளை நாடாவில் கையாலேயே எழுதுகிறோம். பெரும்பாலான பெயர்களில் சிக்கல் எழவில்லை. ஒலிவாங்கி, கலையகம், நேரடி அஞ்சல் ஆகியவை எங்கள் நாவில் நெடுங்காலமாகப் பழகியவை; சுவிச்சுக்கு ஆளி என்று பாடசாலையிலேயே படித்தோம்; ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியான பேடரை எல்லோரும் பேடர் என்றே சொல்வதால் அதை மாற்ற நான் விரும்பவில்லை. ஒலியை வான்வழி விடுமுன் தனியே கேட்டுப்பார்க்கும் பொத்தானுக்கு 'முன்கேட்பு' என்று எழுதியதும் அறிவிப்பாளர்கள் விளக்கம் கேளாமலே விளங்கிக்கொண்டனர். ஒருவருடைய சொந்தக் குரலை மட்டும் கழித்துவிட்டு மற்ற ஒலிகளை அவருக்கு அனுப்பும் கலவையான 'மிக்ஸ் மைனஸ்' மட்டுமே இன்னும் வெற்று நாடாவாக இருக்கிறது.

தொலைபேசியில் வரும் நேயருக்கு அறிவிப்பாளரின் குரலும் பாட்டும் கேட்க வேண்டும்; அவருடைய சொந்தக் குரல் மட்டும் அவரிடம் திரும்பிப் போகக்கூடாது. 200 மில்லிசெக்கன் அளவு பிந்தித் தன் குரலே தன் காதில் விழுந்தால், நன்றாகப் பேசுபவருக்கும் நாக்குத் தடுமாறும். முன்பு நான் பணிபுரிந்த நிலையம் ஒன்றில் இந்த வழிக்குத் 'தொலைபேசி வெளி' என்று பெயர் ஒட்டியிருந்தேன். இரவுப் பணிக்குப் புதிதாக வந்த தம்பி, அதை வெளியே போகும் முழு நிகழ்ச்சி என்று எண்ணி, நேயரின் குரலையும் அதற்குள் சேர்த்துவிட்டார். தமையனின் நினைவுநாளில் நாலு வார்த்தை பேசவென்று ரொறன்ரோவிலிருந்து எடுத்த ஓர் அம்மா, மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நிறுத்தி, கடைசியில் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்தப் பிழையை நான் ஒட்டிய சொல்லின் மேல்தான் சுமத்துவேன்.

'மிக்ஸ் மைனஸ்' என்பதற்கு இங்கே மற்றவர்கள் ஏற்கெனவே முன்மொழிந்த சொற்களில் 'தூய ஊட்டு' என்பது, இதே கலவைக்கு வழங்கும் இன்னொரு பெயரான ஆங்கில 'கிளீன் பீட்' என்பதை அப்படியே பெயர்த்தது. எந்த அழுக்கு நீங்கியது என்று அது சொல்லவில்லை. 'கழித்த கலவை' என்பதிலும் எதைக் கழித்தது என்ற கேள்வி நிற்கிறது. 'தன்னொழி' பொருளால் மிகச் சரியானது, அதை ஆக்கிய அன்பரின் தமிழறிவை மதிக்கிறேன். ஆனால் எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பதால் அது காதுக்குத் 'தன்னொளி' ஆகிவிடும். மங்கிய வெளிச்சத்தில் கையெழுத்தை வாசிப்பவருக்கோ அது 'தன்னொலி' ஆகி, நேர் எதிரான பொருளைத் தந்துவிடும்.

நான் முன்வைப்பது 'நீங்கல்'. 'ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும்' என்று நாம் அன்றாடம் எழுதும் அதே சொல்தான். யார் நீங்கலாக என்பதைத் தனக்கு முன்னே கேட்டு வாங்கிக்கொள்வது இதன் பெரிய பலம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களில் 24ஆம் நாளான தேரன்று, ஒரு வர்ணனையாளர் தேர் நிறுத்தும் இடமான தேர்முட்டியடியிலும் இன்னொருவர் தெற்கு வீதியிலும் நிற்க, கலையகத் தொலைபேசி இணைப்பில் ஒரு நேயர் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஒரே கலவையை அனுப்பினால் எவராவது தம் குரலைக் கேட்டே தீருவார். எல்லார் குரலையும் கழித்துவிட்டாலோ ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேளாது. ஆகவே மூன்று தனித்தனிக் கலவைகள் வேண்டும்: தேர்முட்டி நீங்கல், தெற்கு வீதி நீங்கல், தொலைபேசி நீங்கல். எவருடைய குரல் இல்லையோ அவருக்கே அந்தக் கலவை போகிறது என்பதால், உள்ளடக்கத்தையும் சேரிடத்தையும் ஒரே பெயர் சொல்லிவிடுகிறது.

'தேர்முட்டிக்கு' என்று நான்காம் வேற்றுமையில் எழுதினால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சேரிடம் தெரியும், ஆனால் ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் போகும் வழியையும் 'கோபுரத்துக்கு' என்றுதானே எழுதுவோம்? அதில் எல்லாக் குரலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வேற்றுமையில் அருகருகே நின்றால் அந்தத் தம்பி செய்த பிழை மறுபடியும் நேரும்.

'தேர்முட்டி நீங்கல்' என்பதைத் தேர்முட்டி இணைப்பு அறுந்துவிட்டது என்று ஒருவர் வாசிக்க இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் நீங்கல் வழிகள் அனைத்துக்கும் மஞ்சள் நாடா ஒட்டி, இணைப்பு நிலையைக் குறிக்கும் விளக்குகளின் அருகில் இந்தச் சொல்லைத் தவிர்க்க எண்ணுகிறேன். கைந்நூலில் 'நீங்கற் கலவை' என்று விரித்தும் நாடாவில் 'நீங்கல்' என்று சுருக்கியும் எழுதுவது பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.