போட் மெயில் ராமேஸ்வரம் வழியாகத்தான் தனுஷ்கோடிக்குப் போனதா?

மானாமதுரை_கிளை:
எங்கள் வட்டார ரயில் பாதைகள் பற்றி ஒரு கட்டுரை தொகுத்துக்கொண்டிருக்கிறேன். போட் மெயில் (சென்னையிலிருந்து வந்து, இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுவிட்ட ரயில்) ராமேஸ்வரம் போய், அங்கிருந்து தனுஷ்கோடி போனது என்றுதான் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சேட்டிலைட் படத்தில் ராமேஸ்வரம் ஸ்டேஷனிலிருந்து தெற்கே திரும்பும் பழைய தடமே தெரியவில்லை. பாதை எங்கே பிரிந்தது? 1964 புயலில் அடித்துப்போனது போட் மெயில்தானா?

மீட்டர்கேஜ்:
ராமேஸ்வரத்தில் தேடினால் கிடைக்காது சார். பாதை பிரிந்தது பாம்பனில். அன்றைக்குப் பாம்பன் ஒரு ஜங்ஷன். தனுஷ்கோடிக்குப் போனதுதான் மெயின் லைன், ராமேஸ்வரம் வெறும் கிளை. இன்று ராமேஸ்வரம் கடைசி ஸ்டேஷனாக இருப்பதால் எல்லோரும் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

படத்தில் பாம்பன் ஸ்டேஷனின் கிழக்கு முனையிலிருந்து தொடங்குங்கள். இப்போதைய பாதை தங்கச்சிமடம் பக்கமாகப் போகும். அதை விட்டுவிட்டு தென்கிழக்கே பாருங்கள். சாலை திடீரென வளையும், ரயில் பாதை நீளமாக மெதுவாகத்தான் வளையும்; தண்டவாளம் போட உயர்த்திய மண் கரையை அடையாளம் காண அந்த வளைவுதான் துப்பு. மணல் மூடிய இடங்களில் ஒரே படத்தை நம்பாமல், 1964க்கு முந்தைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தை மேலே பொருத்திப் பாருங்கள். பொருத்துவதற்குக் கடற்கரைக் கோட்டை எடுக்காதீர்கள், அது நகர்ந்திருக்கும். பாம்பன் பாலமும் ராமேஸ்வரம் கோயிலும் போதும்.

கால_அட்டவணை:
புயலில் போனது போட் மெயில் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அலையில் சிக்கியது 653ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில். கட்டுரையில் இதைக் கட்டாயம் திருத்துங்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை ஆளுக்கொன்றாக எழுதப்படுகிறது. ஒரே எண்ணை உறுதியாகப் போட வேண்டாம்.

இன்னொரு குழப்பம், வழித்தடம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு நேர்ப்பாதை முழுமையானது 1930 வாக்கில்தான். அதற்கு முன் திண்டுக்கல், மதுரை சுற்றித்தான் வர வேண்டும். ஆகவே 1914ஆம் ஆண்டுப் பயணத்தை எழுதும்போது காரைக்குடியைச் சேர்த்தால் தப்பு.

மானாமதுரை_கிளை:
நன்றி. கப்பலில் பெட்டிகளையே ஏற்றி, கொழும்பு வரை ஒரே ரயிலாக விட்டிருக்க முடியாதா?

மீட்டர்கேஜ்:
கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், ஒத்துவராது. இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், 1,000 மி.மீ. தலைமன்னார் பக்கம் இலங்கையின் அகலப்பாதை, 1,676 மி.மீ. தண்டவாளத்தைக் கடலுக்குள் போட்டாலும் தனுஷ்கோடிப் பெட்டி அதில் ஓடாது. அதனால் பயணிகள் இறங்கி, கப்பலில் சுமார் 35 கி.மீ. கடந்து, அக்கரையில் வேறு ரயில் பிடித்தார்கள். பாம்பன் பாலமும் கப்பல் சேவையும் 1914இல் தொடங்கின. அதற்கு முன் கொழும்புக்குத் தூத்துக்குடி வழியாகக் கப்பல்.

மண்டபம் கேம்ப் ஸ்டேஷனையும் விட்டுவிடாதீர்கள். அந்த ‘கேம்ப்’, இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தடுத்துவைத்துப் பரிசோதித்த முகாம். போட் மெயிலைப் பற்றி ஆசை ஆசையாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிற பகுதி அது.

கால_அட்டவணை:
புயலுக்குப் பிந்தைய பகுதிக்கு: பாம்பன் பாலத்தில் பெரும்பாலான கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) போயின, நடுவில் கப்பலுக்குத் திறக்கும் ஷெர்சர் பகுதி நின்றது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து 1980கள் வரை ஓடியது. ‘போட் மெயில் ராமேஸ்வரத்தில் நின்றது’ என்ற பேச்சு இந்தக் காலத்துக்குத்தான் பொருந்தும். உங்கள் குழப்பத்துக்கு மூலமும் இதுவாக இருக்கலாம். 2019இல் அடிக்கல் நாட்டிய தனுஷ்கோடித் திட்டம் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் புதுத் தடம். அதன் வரைபடத்தைப் பழைய பாதை என்று போட்டுவிடாதீர்கள்.