கைவண்டி இழுத்து வந்தவர்களின் வீட்டில்: அனுபவப் பகிர்வு

ஜூலை 24 நெருங்குகிறது. 1847-ல் அந்த நாளில்தான் மார்மன் சபையின் (பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை) தலைவர் பிரிகம் யங், இன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். அங்கே இன்றும் அது மாநில விடுமுறை. மார்மன் முன்னோடிகளின் குடும்பங்களோடு பழகியவர்கள், அவர்கள் வந்த பாதையை நேரில் பார்த்தவர்கள், மனதில் பட்டதை இங்கே எழுதுங்கள்.

ஆக்டன், யூட்டாவிலிருந்து

நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு எனக்கு எல்லாம் தெரிய வந்தது மாமியார் மூலமாகத்தான். அவருடைய கொள்ளுப்பாட்டி ஒன்பது வயதில், 1856-ல், வில்லி கைவண்டிக் குழுவோடு நடந்து வந்தவர். லிவர்பூலில் கப்பல் ஏறி நியூயார்க், அங்கிருந்து ரயிலில் அயோவா சிட்டி, அப்புறம் சால்ட் லேக் வரை இரண்டாயிரம் கிலோமீட்டர் நடை. மாட்டு வண்டிக்குக் காசில்லாத ஏழைகள். முந்தைய வருடம் யூட்டாவில் விளைச்சல் பொய்த்து சபையின் குடியேற்ற நிதியும் கரைந்திருந்தது. மனிதர்களே இழுக்கும் வண்டி என்ற யோசனை அப்படித்தான் வந்தது.

எங்கள் வீட்டில் ஜூலை 24 அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. மாமியார் எடை பார்க்கும் மெஷினைக் கூடத்தில் வைத்து, பேரப்பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பை கொடுப்பார். "பெரியவர்களுக்கு 17 பவுண்டு, குழந்தைகளுக்கு 10. போர்வை, துணி எல்லாம் அதற்குள். அடுக்குங்கள்" என்பார். 17 பவுண்டு என்றால் எட்டு கிலோகூட இல்லை. போன வருடம் என் மகள் போர்வையை வைத்ததுமே பாதி எடை போய்விட்டது. பாட்டி தைத்துக் கொடுத்த மெத்தை விரிப்பா, குளிர்கால பூட்ஸா என்று வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் பூட்ஸை வெளியே எடுத்து வைத்தாள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் வயோமிங்கில் உள்ள ராக்கி ரிட்ஜ் மேட்டில் பனிப்புயலுக்குள் ஏறியவர்களின் கதையைச் சொன்னார். மறுநாள் ராக் க்ரீக்கில் பதின்மூன்று பேரை ஒரே குழியில் புதைத்ததையும், அந்தக் குழியைத் தோண்டியவர்களில் இருவர் பிறகு இறந்துபோனதையும் சொன்னார். மகள் எழுந்துபோய் பூட்ஸை எடுத்து வந்து தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வில்லி, மார்ட்டின் என்ற இரண்டு குழுக்களிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஆயிரம் பேர். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஊர் வந்து சேரவில்லை. புறப்பட்டதே தாமதம் என்று வில்லி குழுவின் லீவை சாவேஜ் என்பவர் வழியில் நெப்ராஸ்காவில் உள்ள ஃப்ளாரன்ஸிலேயே கண்ணீரோடு எச்சரித்தார். கேட்கவில்லை. சரி, போவதென்று முடிவாகிவிட்டால் நானும் உங்களோடு வருகிறேன், உங்களோடு கஷ்டப்படுகிறேன் என்று கூடவே நடந்தார். எங்கள் வீட்டில் அதிகம் பேசப்படுபவர் இவர்தான். எனக்கும் இவர்தான் நெருக்கமானவர். தான் சொன்னது சரியென்று தெரிந்தும் மற்றவர்களை விட்டுவிட்டுப் போகாத ஒரு மனிதர்.

அடுத்தது மீட்புக் கதை. பாதையில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற செய்தி அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. உடனே போய் அழைத்து வாருங்கள் என்று பிரிகம் யங் சபை மாநாட்டிலேயே சொன்னார். பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே காலுறைகளையும் உள்பாவாடைகளையும் கழற்றி வண்டிகளில் போட்டார்கள். மாமியார் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் உடையும். யாரோ முகம் தெரியாத ஒருத்தி கழற்றிக் கொடுத்த கம்பளிதான் தன் கொள்ளுப்பாட்டியைக் காப்பாற்றியது, அதனால்தான் நாம் எல்லோரும் இந்த மேஜையில் இருக்கிறோம் என்பார். அவர்கள் வந்து இறங்கிய நிலத்தில் யூட், ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்கள் ஏற்கெனவே வாழ்ந்தார்கள், அவர்கள் இழந்ததும் அதிகம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடமாட்டார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

பிறகு ஜெபம். முன்னோர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பரலோக பிதாவுக்கு நன்றி சொல்வார். நான் வந்த முதல் வருடம், ஜெபத்துக்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "உன் பாட்டிகளின் பெயரையும் சொல், அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்" என்றார். அப்பாவின் அம்மா பெயர் சொன்னேன். அதற்கு முந்தைய பாட்டியின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அன்றிரவே அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா வேலூரில் இருக்கும் பெரிய சித்தியிடம் கேட்டு, இரண்டு நாள் கழித்து நான்கு பெயர்கள் வாங்கிக் கொடுத்தார். பஞ்ச காலத்தில் ஊர்விட்டு ஊர் நடந்து வந்தவர்களாம், எனக்கு யாரும் சொன்னதே இல்லை. இப்போது அந்த நான்கு பெயர்களும் எங்கள் ஜெபத்தில் உண்டு. தேவன் எனக்குக் கொடுத்த இரண்டு குடும்பங்களையும் ஒரே மேஜையில் வைத்து நேசிக்க முடிகிறது என்பதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது.

லேஹை, யூட்டாவிலிருந்து

என் மகள் இளைஞர்களோடு வயோமிங்கில் அந்த முன்னோடிகளின் நினைவாகக் கைவண்டி நடைப்பயணம் போனபோது நானும் பெரியவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். ஓரிடத்தில் ஆண்களை எல்லாம் ஒதுக்கிவிட்டார்கள். மேட்டில் பெண்கள் மட்டும் வண்டியை இழுக்க வேண்டும். நாங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பாதையின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும், தொடக்கூடாது. மணலில் சக்கரம் புதைந்து வண்டி பின்னால் வருகிறது. என் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நுகத்தடியை நெஞ்சால் தள்ளுகிறாள். இரண்டடி தூரத்தில் நான். அப்பாக்கள் இறந்துபோன பிறகு அம்மாவும் பெண்களுமே இழுத்து வந்த வண்டிகள் அப்போது எத்தனையோ. மேலே ஏறியதும் அவள் என்னிடம் ஓடி வரவில்லை, அடுத்த வண்டிக்குக் கைகொடுக்கக் கீழே இறங்கிப் போனாள். தேவனே, இந்தப் பிள்ளையை எனக்குக் கொடுத்தீரே என்று அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன்.

சென்னையிலிருந்து

ஆக்டன் சகோதரிக்கு ஒரு செய்தி. அந்த வில்லி குழுவில் நம் நாட்டில் பிறந்த ஒரு பெண்ணும் இருந்தார். எலிசபெத் சேவியர் டெயிட். பம்பாய்ப் பக்கம் பிறந்தவர், இந்தியாவிலேயே சபையில் சேர்ந்தவர். கணவர் முன்னால் போய்விட, இவர் பின்னால் தனியாகக் கிளம்பினார். வழியில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தும் கைவண்டியோடு நடந்து வந்து, தெற்கு யூட்டாவில் சீடர் சிட்டியில் குடும்பமாக வாழ்ந்தார்.

நம் மதராசுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1849-ல் சால்ட் லேக்கில் சபையின் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் 1853-ல் இங்கே வந்து ஊழியம் செய்தார். ஒரு பத்திரிகைகூட அச்சிட்டார். சேர்ந்தவர்கள் மிகச் சிலர்தான். ஒரு வருடத்தில் திரும்பிவிட்டார். ஆனால் போகிற வழியில் 1855-ல் ஒரு குடியேற்றக் குழுவுக்குத் தலைமை தாங்கி யூட்டாவுக்கு அழைத்துப் போனார். இந்த ஊர் வெயிலில் அலைந்துவிட்டு நேரே அந்தச் சமவெளியில் நடந்த மனிதர். அவருக்கும் நான் நன்றி சொல்கிறேன்.

ஆக்டன், மறுபடியும்

எலிசபெத்தின் கதையை மாமியாரிடம் சொன்னேன். கொள்ளுப்பாட்டியும் அவரும் ஒரே குழுவில் நடந்திருக்கிறார்கள் என்றதும் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். இந்த வருடம் 24-ம் தேதி மதியம் பிள்ளைகளுக்கு நான்தான் கதை சொல்ல வேண்டுமாம். முன்னோரை எப்படித் தேடுவது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: சபை நடத்தும் குடும்ப வரலாற்றுத் தளமான ஃபேமிலிசெர்ச் இலவசம், சபை உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. பாட்டிகளின் பெயர்களை மட்டும் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.