உத்யம் பதிவுக்கு 2,499 ரூபாய் கட்டியாச்சு, அது அரசு தளமே இல்லை. பணம் திரும்புமா?

மண்டபம் வடகரை கேட்டது:

மதினி கருவாட்டு யாவாரம். முத்ரா லோனுக்கு பேங்க்ல உத்யம் சான்று (சிறுதொழில் பதிவுச் சான்று) கேட்டாங்க. கூகுள்ல தேடி முதல்ல வந்த தளத்துல ஆதார், பான் கொடுத்து நேத்து சாயங்காலம் யுபிஐ வழியா 2,499 கட்டியாச்சு. மேல மூவர்ணப் பட்டை, சிங்கமுத்திரை மாதிரி ஒரு படம். அடியில பொடி எழுத்துல 'இது தனியார் ஆலோசனை நிறுவனம்'னு போட்டிருக்கான். சான்று இன்னும் வரலை. ஓடிபி கேட்டு போன் வந்துச்சு, இன்னும் சொல்லலை. பேங்க்ல 'நீங்களே பின் போட்டு அனுப்புனது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது'ங்கிறாங்க. சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்கவா?

தொண்டி கணக்கர்:

ஓடிபி சொல்லாதது பெரிய விஷயம் தம்பி. அதைச் சொல்லிட்டா அவன் உண்மையான அரசு தளத்துல பத்து நிமிஷத்துல பதிவு போட்டு சான்றை அனுப்பிருவான். அப்புறம் 'வேலை முடிஞ்சது, ரீஃபண்ட் கிடையாது'ம்பான். இப்ப வேலை நடக்கலை, அதான் உங்க கை ஓங்கியிருக்கு.

பேங்க் சொல்றதுல பாதி சரி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில கொண்டுவந்த விதி, நமக்குத் தெரியாம பணம் போனாத்தான் காப்பாத்தும். நாமளே பின் போட்டதுக்கு அது பொருந்தாது. அதனால 'நான் அனுப்பவே இல்லை'ன்னு எழுதிறாதீங்க. பின் போட்ட பதிவு அவங்ககிட்ட இருக்கு, புகாரை அன்னைக்கே மூடிருவாங்க. 'பணம் பெற்றும் சேவை தரவில்லை, அரசு தளம் என்று நம்பவைத்தார்கள்' என்பதுதான் காரணம்.

முதல்ல தளத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்க: முகப்பு, கட்டணப் பக்கம், அடியில உள்ள பொடி எழுத்து, ரீஃபண்ட் விதி, எல்லாத்துலயும் முகவரிப் பட்டை தெரியணும். நாளைக்கே மாத்திருவான். கூகுள் விளம்பரத்துக்குப் பக்கத்துல மூணு புள்ளி இருக்கும், அதைத் தொட்டா விளம்பரம் கொடுத்தவனோட பதிவுப் பெயர் வரும். அதையும் எடுத்து வைங்க.

அடுத்து அவனுக்கு மெயில். போன்ல பேசாதீங்க, போன் பேச்சுக்கு சாட்சி கிடையாது. இவ்வளவு போதும் (யூடிஆர்ங்கிறது ரசீதுல உள்ள பரிவர்த்தனை எண்): 'ஆர்டர் எண் இது, யூடிஆர் எண் இது. உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் தளம் அரசு தளம் போலத் தோற்றமளித்ததால் கட்டினேன். வேலை தொடங்கவில்லை, என் ஆதாரைப் பயன்படுத்தத் தந்த அனுமதியை ரத்து செய்கிறேன். 7 நாளில் முழுத் தொகையையும் திருப்பவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன்.' இதை இங்கிலீஷ்ல அனுப்புனா நல்லது, படிக்கிறவன் எந்த ஊர்க்காரனோ.

மண்டபம் வடகரை:

அண்ணே, ரசீதுல தளத்தோட பேர் இல்லை, வேற ஏதோ பேர் இருக்கு.

தொண்டி கணக்கர்:

அது அநேகமா பேமெண்ட் கேட்வே பேராயிருக்கும், இல்லாட்டி அவன் கம்பெனியோட பதிவுப் பேரு. கேட்வேயா இருந்தா அதிர்ஷ்டம். பணம் அவங்க வழியாத்தான் கடைக்காரனுக்குப் போகுது, பெரும்பாலும் ஓரிரு வேலை நாள்ல. கேட்வேயோட சொந்தத் தளத்துக்குப் போய் (கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீங்க, அங்கயும் போலி நிக்குது) குறைதீர் அலுவலர் மெயிலுக்கு அதே கடிதத்தை ஸ்கிரீன்ஷாட்டோட அனுப்புங்க. நிறைய புகார் சேர்ந்தா கடைக்காரனோட கணக்கையே முடக்கிருவாங்க. அந்த பயத்துலயே சில பேர் காசைத் திருப்பிருவான்.

யுபிஐ ஆப்பிலயும் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் போடுங்க. வியாபாரி கணக்குக்குப் போயிருந்தா 'சேவை கிடைக்கவில்லை' மாதிரி காரணம் காட்டும். தனிநபர் எண்ணுக்குப் போயிருந்தா அந்த வழி குறுகல். கார்டுல கட்டுனவங்களுக்கு இதை விட வசதி, பேங்க்ல சார்ஜ்பேக் (கடைக்காரன்கிட்ட இருந்து பணத்தைத் திருப்பி எடுக்கிறது) கேக்கலாம்.

பாம்பன் வலைக்காரர்:

இவ்வளவு சுத்துவானேன்? 1930-ல சொன்னா எதிர் கணக்கை முடக்கிருவான்.

கீழக்கரை சட்ட உதவி:

வலைக்காரரே, அது பணத்தை வாங்கிட்டு ஆளே மறைஞ்சா. அப்ப ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு, பணம் கை மாறுறதுக்குள்ள 1930-ல சொல்லணும், கூடவே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-லயும் பதியணும். இங்க 'தனியார் ஆலோசனை'ன்னு எழுதி வச்சிருக்கான், போன் எடுக்குறான். போலீஸ்ல இது சேவைத் தகராறுன்னு சொல்லி நுகர்வோர் பக்கம் திருப்பி விடவே வாய்ப்பு அதிகம். ஆனா அந்தத் தளம் அரசு முத்திரையை அப்படியே போட்டிருந்தாலோ, துறையின் பேரையே சொல்லிக்கிட்டாலோ ஆள்மாறாட்டம் ஆயிரும். அப்ப தயங்காம புகார் கொடுங்க.

மதினிக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவங்க நிறுவனத்துக்கு எழுதிப் பார்ப்பாங்க, உத்தரவு போட முடியாது. அதுலயும் நடக்கலைன்னா ராமநாதபுரத்துல உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கம்பெனி டெல்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். கட்டுன தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள்ள போடணும். எதிர்தரப்பு 'இது வணிகத்துக்காக வாங்கின சேவை, இவங்க நுகர்வோர் இல்லை'ன்னு கிளப்புவான். மனுவிலயே 'சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் கருவாடு விற்கிறேன்' என்று ஒரு வரி எழுதிருங்க. அதுக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்கு. நிறைய பேர் இந்த ஒரு வரியை விட்டுட்டு மாட்டிக்கிறாங்க.

புகார் யார் பேர்ல போகணும்ங்கிறதும் முக்கியம். யுபிஐ உங்க கணக்கா, மதினி கணக்கா? வேற வேறன்னா ரெண்டு பேரோட விவரத்தையும் மனுவில சொல்லிருங்க.

தொண்டி கணக்கர்:

ஆதார் பத்தி யாரும் சொல்லலை. மைஆதார் தளத்துல அங்கீகார வரலாறு பாருங்க, யாராவது பயன்படுத்தியிருந்தா நாளும் நேரமும் தெரியும். பயோமெட்ரிக்கைப் பூட்டி வைங்க. அப்புறம் உண்மையான உத்யம் தளத்துல நீங்களே பதியுங்க. முகவரியில முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னாடி கடைசியா 'கவ் டாட் இன்' (.gov.in) வரணும். நடுவுல 'கவ்'னு கோடு போட்டு ஒட்டியிருந்தா அது நம்மள ஏமாத்த வச்சது. மொபைலும் மெயிலும் மதினியோடதே போடுங்க. ஏஜெண்ட் பதிஞ்சா பெரும்பாலும் தன் மெயிலைப் போட்டுருவான், பின்னால திருத்தம் போடும்போது ஓடிபி அவனுக்குப் போகும். 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது'ன்னு வந்தா அவன் முந்திட்டான்னு அர்த்தம், அதே தளத்துல திருத்தம் செய்யலாம், அதுக்கும் காசில்லை. கை ஓடலைன்னா ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்துல உதவுவாங்க.

மண்டபம் வடகரை:

மெயில் அனுப்பியாச்சு அண்ணே. கேட்வேக்கும் போட்டாச்சு. இப்ப புதுசா ஒருத்தன் 'ரீஃபண்ட் பிரிவு'ன்னு போன் பண்றான், க்யூஆர் அனுப்பறேன் ஸ்கேன் பண்ணுங்கன்னு.

கீழக்கரை சட்ட உதவி:

போனைக் கட் பண்ணுங்க. காசு வாங்குறதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். இந்த நம்பரை 1930-ல தாராளமா சொல்லலாம்.