2021 ரெகுலேஷன்: மெக்கானிக்கல்ல இருந்துக்கிட்டு மைனர் டிகிரி, எந்த வெர்டிகல் எடுக்கலாம்?

நாலாம்செம்_மெக் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, தன்னாட்சி கிடையாது. பி.இ. மெக்கானிக்கல், 2021 ரெகுலேஷன், இப்போ நாலாவது செமஸ்டர். மூணாவது செமஸ்டர் வரை சிஜிபிஏ 8.1, அரியர் எதுவும் இல்லை. அஞ்சாவது செமஸ்டர்ல இருந்து மைனர் (வேற துறைப் பேப்பர்களைக் கூடுதலாப் படிச்சு வாங்குற துணைத் தகுதி) எடுக்கலாம்னு இருக்கேன். மனசுல மூணு இருக்கு: கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையோட டேட்டா சயின்ஸ், ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்பம்), பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் (பொது நிர்வாகம்). எத்தனை பேப்பர் கூடும்? எப்போ, யார்கிட்ட பதிவு பண்ணணும்? டேட்டா சயின்ஸ்ல மூணு, ஏஐ வெர்டிகல்ல (வெர்டிகல்னா ஒரே தலைப்புல வர்ற எலெக்டிவ் பேப்பர்களோட தொகுப்பு) மூணுன்னு கலந்து எடுக்கலாமா?

பாடத்திட்டவாசகர்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: கலக்க முடியாது. மைனருக்கு வேண்டிய 18 கிரெடிட்டும் வேற ஒரு துறையோட ஒரே வெர்டிகல்ல இருந்து வரணும். பல வெர்டிகல்ல இருந்து எடுத்துச் சேர்க்கிற வசதி ஹானர்ஸுக்கு (கூடுதல் பேப்பர் படிச்சு வாங்குற சிறப்பு டிகிரி) மட்டும்தான், அதுவும் சொந்தத் துறைக்குள்ளேயே. ஹானர்ஸுக்குச் சிஜிபிஏ 7.50 வேணும், எல்லாப் பேப்பரும் முதல் முயற்சியிலேயே பாஸ் ஆகியிருக்கணும். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ரெண்டு வெர்டிகல்ல மூணு மூணு பேப்பர் எழுதி முடிச்சா, ஆறு பேப்பர் படிச்சும் மைனர் கிடைக்காது.

கணக்கு எளிது. ஒரு பேப்பருக்கு 3 கிரெடிட், அதனால ஆறு பேப்பர். எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குப் போயிடும். அதை நம்பாம அஞ்சு, ஆறு, ஏழுல தலா ரெண்டா பிரிச்சுக்கோங்க.

ஆனா எல்லா 3 கிரெடிட்டும் ஒரே சுமை இல்லை. இதைப் பலர் பார்க்கிறதே இல்லை. டேட்டா சயின்ஸ் பேப்பர்கள் 2-0-2-3 வகை (தியரி-டியூட்டோரியல்-லேப்-கிரெடிட் வரிசை): வாரம் ரெண்டு பீரியட் தியரி, ரெண்டு பீரியட் லேப், செமஸ்டருக்கு 60 பீரியட். ஃபின்டெக், பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் பேப்பர்கள் 3-0-0-3, அதாவது 45 பீரியட். ஆறு பேப்பருக்குக் கூட்டினா 360க்கு எதிரா 270. மதிப்பெண் பிரிப்பும் வேற. தியரிக்கு இன்டர்னல் 40, எண்ட் செமஸ்டர் 60. லேப் சேர்ந்த பேப்பருக்கு 50, 50.

டேட்டா சயின்ஸ் வெர்டிகல்ல எட்டுப் பேப்பர் இருக்கு, அதுல ஆறு எடுத்தாப் போதும். மெக்கானிக்கல் மாணவருக்கு என் பரிந்துரை:

அஞ்சாவது செமஸ்டர்: எக்ஸ்ப்ளோரேட்டரி டேட்டா அனாலிசிஸ், பிசினஸ் அனலிட்டிக்ஸ். முதல் வருஷப் பைதானும், ரெண்டாவது செமஸ்டர் ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸும் இதுக்குப் போதும்.

ஆறு: நியூரல் நெட்வொர்க்ஸ் அண்ட் டீப் லேர்னிங், ரெகமெண்டர் சிஸ்டம்ஸ். மேட்ரிக்ஸைத் தூசி தட்டாம இதுக்குள்ள போகாதீங்க.

ஏழு: கம்ப்யூட்டர் விஷன், பிக் டேட்டா அனலிட்டிக்ஸ். விஷன் உங்க துறைக்கு நேரா உதவும். உற்பத்தி வரிசையில கேமரா வச்சு பழுது கண்டுபிடிக்கிறதுக்கு இதுதான் அடிப்படை. இமேஜ் அண்ட் வீடியோ அனலிட்டிக்ஸ் இதோட நிறைய மோதும், ரெண்டையும் எடுத்தா ஒரு பேப்பர் வீண்.

வெர்டிகல்ல இல்லாத ரெண்டு விஷயத்தை நீங்களா படிக்கணும்: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வுல 2024ல வந்த டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ தாள் எழுதுற எண்ணம் இருந்தா இந்த ரெண்டும் பாடத்திட்டத்திலேயே இருக்கு. இந்த மைனர் மட்டும் அதுக்குப் போதாது.

டைம்டேபிள்_கவனி:

மேலே சொன்ன வரிசை சரிதான். அதுக்கு முன்னாடி உங்க கல்லூரி அந்த ஆறையும் நடத்துதான்னு பாருங்க. பாடத்திட்டத்துல எட்டுப் பேப்பர் அச்சாகியிருந்தாலும், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை தன் மாணவர்கள் தேர்ந்தெடுத்த எலெக்டிவைத்தான் வகுப்பா நடத்தும். மைனர் எடுக்கிறவங்க அந்த வகுப்புலதான் உட்காரணும். அவங்க எந்த செமஸ்டர்ல எதை நடத்தப்போறாங்கன்னு அந்தத் துறைத் தலைவரை (எச்ஓடி) பார்த்து மூணு செமஸ்டருக்கும் எழுதி வாங்குங்க. நாலு பேப்பர்தான் உறுதின்னா அந்த வெர்டிகலையே விட்டுடுங்க. 12 கிரெடிட்டுக்கு மைனர் வராது.

அடுத்தது மோதல். அவங்க லேப் பீரியட் உங்க லேப் நேரத்துல விழுந்தா பிரச்சினை தினமும் தொடரும். எண்ட் செமஸ்டர் அட்டவணை வந்ததும் ரெண்டு பேப்பர் ஒரே நாள், ஒரே வேளையில விழுந்திருக்கான்னு அன்னைக்கே பார்த்து கல்லூரித் தேர்வுப் பிரிவுக்குச் சொல்லுங்க. ஹால் டிக்கெட் வந்த பிறகு சொன்னா அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது.

பதிவு: ஒரு செமஸ்டரோட கடைசி வேலை நாளுக்கு 10 வேலை நாள் முன்னாடி அடுத்த செமஸ்டருக்கான என்ரோல்மென்ட் தொடங்கும். ஃபேகல்டி அட்வைசர் மூலமாத்தான் போகணும். புது செமஸ்டர் தொடங்கி 5 வேலை நாளுக்குள்ள சேர்க்கலாம், விடலாம். அதனால நாலாவது செமஸ்டர் முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ரெண்டு துறை எச்ஓடியோட ஒப்புதலும் கையில இருக்கணும். பதிவானதும் கோர்ஸ் கோடைச் சரிபாருங்க. ஒரே மாதிரிப் பேர்ல வேற துறைகளுக்கும் பேப்பர் இருக்கு. கோடு மாறினா வெர்டிகல் மாறிடும்.

ஒரு எச்சரிக்கை: மைனர் பேப்பரை ஓபன் எலெக்டிவாவும் கணக்குல காட்ட முடியாது. இந்த 18ம் டிகிரிக்கு மேல கூடுதல். தன்னாட்சிக் கல்லூரியில இருந்து இதைப் படிக்கிறவங்க உங்க கல்லூரியோட சொந்த ரெகுலேஷனைப் பாருங்க, நிபந்தனைகள் மாறலாம்.

நாலாம்செம்_மெக்:

நன்றி சார். விசாரிச்சேன், எங்க கல்லூரியில டேட்டா சயின்ஸ்ல நாலுதான் உறுதி. அப்போ மிச்ச ரெண்டுல எது? குடிமைப் பணித் தேர்வு எழுதுற எண்ணமும் இருக்கு.

மலைக்கோட்டை_வாசி:

அந்த எண்ணம் உறுதியா இருந்தா பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் எடுங்க. பிரின்சிபிள்ஸ் ஆஃப் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன், கான்ஸ்டிடியூஷன் ஆஃப் இந்தியா, பப்ளிக் பெர்சனெல் அட்மினிஸ்ட்ரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் தியரீஸ், இந்தியன் அட்மினிஸ்ட்ரேட்டிவ் சிஸ்டம், பப்ளிக் பாலிசி அட்மினிஸ்ட்ரேஷன். ஆறே பேப்பர்தான், தேர்வு செய்ய இடமில்லை, ஆறும் நடந்தே ஆகணும். யூபிஎஸ்சி மெயின்ஸ்ல இதே பாடம் விருப்பப்பாடமா இருக்கு, ரெண்டு தாள், 500 மதிப்பெண். அரசமைப்பும் ஆட்சிமுறையும் பொது அறிவு ரெண்டாம் தாளுக்கும் பயன்படும். ஆனா 45 பீரியட் பாடம் விருப்பப்பாட ஆழத்துக்குப் பக்கத்துலகூட வராது, அதைத் தொடக்கமா மட்டும் வச்சுக்கோங்க.

எண்ணம் அரைகுறையா இருந்தா ஃபின்டெக். ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்டும் ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் இன்வெஸ்ட்மென்ட்டும் பின்னால எம்பிஏ போறவங்களுக்கு நல்ல அடித்தளம். அந்த ரெண்டையும் அஞ்சாவது செமஸ்டர்லயே எடுத்துடுங்க, பிளாக்செயின் பேப்பரைக் கடைசிக்குத் தள்ளலாம்.

இந்த ரெண்டும் பொது வெர்டிகல், எல்லாத் துறை மாணவர்களும் சேரலாம். அதனால உங்க வகுப்புல மட்டும் ஆள் தேடாம சிவில், இசிஇ, இஇஇ வகுப்புப் பிரதிநிதிகள்கிட்ட பேசி விருப்பப் பட்டியல் ஒண்ணு தயார் பண்ணுங்க. தனித்தனியா நாலு பேர் கேட்டா ஆசிரியர் இல்லைன்னு சொல்ற நிர்வாகம், பல துறையிலருந்து பெயர், பதிவு எண், கையெழுத்தோட ஒரே பட்டியலா வந்தா மேனேஜ்மென்ட் துறை ஆசிரியரை ஒதுக்க வாய்ப்பு அதிகம். என்ரோல்மென்ட் தொடங்குறதுக்கு முன்னாடியே அது முதல்வர் மேசைக்குப் போகணும்.