நான் இழுத்தால் ஓடுகிறாள், கோச் மூச்சு விட்டால் நிற்கிறாள். குதிரைக்கு எப்படித்தான் சொல்வது?

வேளச்சேரிக்காரி எழுதியது:

வணக்கம். சென்னையில் எட்டு மாதமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறேன். வயது 36. வாரம் மூன்று நாள், காலை ஆறு மணி வகுப்பு. எனக்குக் கிடைப்பது எப்போதும் ஒரே குதிரைதான். பதினோரு வயதுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம், நெற்றியில் சின்ன வெள்ளைப் பொட்டு. ரேஸில் ஓடி ஓய்வு பெற்றவள். லாயத்தில் எல்லோரும் மல்லி என்று கூப்பிடுவார்கள்.

டிராட்டில், அதாவது நடையைவிட வேகமான துள்ளோட்டத்தில், போகப் போக வேகம் தானாகக் கூடுகிறது. கடிவாளத்தை இழுக்கிறேன். அவள் கழுத்தை நீட்டி, என் கைமேல் பாரத்தைப் போட்டுக்கொண்டு இன்னும் வேகமாகப் போகிறாள். வகுப்பு முடியும்போது மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே, கடிவாள வார் ஓடும் இடத்தில், எனக்குத் தோல் உரிந்திருக்கும்.

போன வியாழக்கிழமை கோச் அவள்மேல் ஏறினார். வேலியோரம் நின்று கண் கொட்டாமல் பார்த்தேன். டிராட்டில் வந்துகொண்டிருந்தவருக்குக் கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. மூச்சை மட்டும் நீளமாக விட்டார். மல்லி மூன்றே எட்டில் நடைக்கு வந்துவிட்டாள். எப்படி என்று கேட்டால், "நல்லா உட்காருங்க, அது புரிஞ்சுக்கும்" என்கிறார். அந்த "நல்லா" என்றால் என்ன என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த மூலையில் கேன்டர் (டிராட்டைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்) கேட்கலாம் என்று மனதில் நினைத்தாலே போதும், கிளம்பிவிடுகிறாள். அப்படியென்றால் என்னிடமிருந்து ஏதோ போகிறது. அது என்னவென்று கண்டுபிடிக்கப் பயிற்சி ஏதும் உண்டா? அவள் வாயைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பழைய சவார் எழுதியது:

அம்மா, ராணுவத்தில் குதிரைப் பிரிவில் 17 ஆண்டு இருந்தேன். புதிதாக வரும் பையன்களுக்குச் சவாரி சொல்லிக்கொடுத்ததுதான் அதில் பாதிக் காலம். நீங்கள் எழுதியிருப்பதை அவர்களில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் மல்லியின் பக்கத்தைப் பார்ப்போம். ரேஸில் ஜாக்கி சேணத்தில் உட்காருவதில்லை. குட்டையான அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) நின்று, முன்னால் குனிந்து, வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். குதிரை அந்தப் பிடிமேல் சாய்ந்துகொண்டு ஓடும். சின்ன வயதில் அவள் கற்ற பாடம் அது. வேகம் கூடும்போது நீங்கள் பயத்தில் முன்னால் சாய்ந்து இழுக்கிறீர்கள் இல்லையா? அவள் காதில் விழுவது "ஓடு" என்பதுதான். அவள் உங்களுக்குக் கீழ்ப்படிகிறாள். அவளைக் கோபிக்காதீர்கள்.

அடுத்தது, நினைத்ததும் கிளம்புகிறாள் என்றீர்களே. சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை பெரும் புகழோடு இருந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற கணக்கு வாத்தியாருடையது. கணக்குக் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து பார்த்து 1907-ல் எழுதினார்: தட்டுகள் சரியான எண்ணிக்கையைத் தொடும்போது கேள்வி கேட்டவரின் தலை தன்னையறியாமல் துளி நிமிர்கிறது, அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் நிறுத்துகிறது. கேட்டவருக்கே விடை தெரியாதபோதும், குதிரையால் அவரைப் பார்க்க முடியாதபோதும் விடை தப்பியது. இவ்வளவும் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை முழுக்க அடக்க முடியவில்லை.

ஹான்ஸ் தள்ளி நின்று கண்ணால் படித்தது. மல்லிக்கோ நீங்கள் முதுகின் மேலேயே இருக்கிறீர்கள். ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற பிராணி அது. ஆகவே நுணுக்கமாகப் பேசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் உடம்பு ஓயாமல் போடும் சத்தத்தை முதலில் குறைக்க வேண்டும். அதற்குக் கைவசம் இருக்கிற வழி லஞ்ச் கயிறுதான், அதாவது குதிரையைச் சுற்றி வட்டமாகப் போகவிடும் நீளக் கயிறு. கோச்சிடம் கேட்டு வாரம் ஒரு வகுப்பையாவது அதற்கு ஒதுக்குங்கள். அவர் நடுவில் நின்று குதிரையைப் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு அங்கவடியும் இல்லை, வாரும் இல்லை. வியன்னாவில் இருக்கும் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதியவர்களை இப்படி மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். நடையில் போகும்போது அவளுடைய இடது பின்னங்கால் முன்னே வரும் கணத்தில் வயிறு வலப்பக்கம் ஒதுங்கும், உங்கள் இடது இடுப்பு சற்று இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு "இடது, வலது" என்று உரக்கச் சொல்லுங்கள், சரியா என்று கோச் பார்க்கட்டும். இது பிடிபட்டுவிட்டால் காலால் எப்போது தொடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூக்கிய காலைத்தான் அவளால் வேறு பக்கம் வைக்க முடியும். ஊன்றிய காலிடம் எவ்வளவு கேட்டும் பயனில்லை.

வேகத்தைக் குறைக்க: ரைசிங் டிராட்டில் நீங்கள் எழுந்து உட்காரும் தாளத்தை மெதுவாக்குங்கள். அவள் உங்கள் தாளத்துக்கு வருவாள். நடைக்கு வர வேண்டுமானால் மூச்சை விட்டு, இடுப்பு அசைவை நிறுத்தி, விரல்களை மட்டும் மூடுங்கள். கோழிக்குஞ்சைப் பிடிக்கும் அளவுக்குப் போதும். அவள் ஒரு எட்டு குறைத்ததுமே, அந்த நொடியிலேயே, விரலைத் திறந்துவிடுங்கள். குதிரை பாடம் கற்பது நீங்கள் விடுகிற நேரத்தில்தான். ஆளைக் கெடுப்பதும் அங்கேதான்: பிடிக்கத் தெரிந்த பலருக்கு விடத் தெரியாது.

மூச்சை விட்டும் கேட்கவில்லையா? இரண்டு நொடி பொறுத்துத் தெளிவாக ஒருமுறை பிடியுங்கள். சரி, கேட்டுவிட்டாள், விட்டுவிட்டீர்கள். அடுத்த தடவை மறுபடியும் மூச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். நேற்று கேட்கவில்லையே என்று இன்று எடுத்த எடுப்பிலேயே இழுத்தால், அவள் மூச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும்.

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

கால்நடை மருத்துவராகச் சுருக்கமாக ஒன்று. கையில் சாய்கிற குதிரைக்கு வாயைப் பார்க்காமல் பாடம் எடுக்கக் கூடாது. குதிரைப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பும் கீழ்ப் பற்களின் உள் விளிம்பும் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்து அரம் வைத்துத் தேய்க்க வேண்டும். கடைசியாக எப்போது செய்தார்கள் என்று லாயத்தில் கேளுங்கள். சேணத்தைக் கழற்றியதும் முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் ஒரே அழுத்தமாக வருடிப் பாருங்கள். ஓர் இடத்தில் முதுகைத் தாழ்த்தினாலோ காதை மடக்கினாலோ அங்கே வலி இருக்கலாம்.

மட்டக்குதிரை எழுதியது:

அக்கா, நான் ஊட்டி. தாத்தா காலத்திலிருந்து ஏரிப் பக்கம் மட்டக்குதிரை வைத்துப் பிழைக்கிறோம். புத்தகப் படிப்பு எனக்குத் தெரியாது, அப்பாவைப் பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன். அப்பா குதிரையைக் கூட்டிப் போகும்போது கயிறு எப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அவர் நின்றால் அது நிற்கும். கயிறு விறைத்தால் "நான் பேச மறந்துட்டேன்" என்பார்.

ஏறுவதற்கு முன்பு பத்து நிமிஷம் மல்லியோடு நடந்து பாருங்கள். அவள் இடது தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நடக்கப்போகும் திசையைப் பாருங்கள், அவள் முகத்தைப் பார்க்காதீர்கள். நிற்பதற்கு முன் மூச்சை விடுங்கள், அப்புறம் காலை நிறுத்துங்கள். தரையில் அந்த மூச்சுக்கு அர்த்தம் புரிந்துவிட்டால் மேலே ஏறினாலும் அவளுக்கு அது பழகின பேச்சு. அவளுடைய காதையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டும் வெளியே எங்கேயோ இருந்தால் முதலில் கூப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

வேளச்சேரிக்காரி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

ஐயா, டாக்டர், ஊட்டித் தம்பி, மூவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

பல்லைப் பார்க்க வைத்தோம். வலப்பக்கக் கன்னத்தின் உள்ளே பழைய புண் தழும்பும் பக்கத்திலேயே புதுக் கீறலும் இருந்தன. தேய்த்த பிறகு பத்து நாள் நான் ஏறவில்லை. கயிற்றைத் தொங்கவிட்டு நடந்தோம், அவ்வளவுதான். நான்காம் நாள் என் மூச்சுக்கு நின்றாள். நின்றதும் தலையைத் தாழ்த்தி வாயைச் சப்புக்கொட்டினாள்.

லஞ்ச் கயிற்றில் ஐந்து வகுப்பு ஆயிற்று. சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) என் போனில் வீடியோ எடுத்துக் கொடுத்தார். அதில் பார்த்துத்தான் எனக்குக் கேன்டர் விஷயம் விளங்கியது. கேட்கலாம் என்று நினைக்கிற கணத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், மோவாய் மேலே போகிறது, வலது முழங்கால் இறுகுகிறது. நானாக எதையும் செய்யவில்லை என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை வேப்பமரத்து மூலையைத் தாண்டி டிராட்டில் வந்தோம். மூச்சை விட்டேன். இடது காது என் பக்கம் திரும்பியது. ஒரு எட்டு, இரண்டு எட்டு, மூன்றாவதில் நடை. விரலை மூடவே தேவைப்படவில்லை. கோச் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். இறங்கியதும் அவள் பிடரியில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஐயா, ஒரு கேள்வி பாக்கி. வலது பக்க வட்டத்தில் மட்டும் இன்னும் உள்ளே சாய்ந்து வட்டத்தைச் சின்னதாக்குகிறாள். நான் கோணலாக உட்காருகிறேனோ என்று சந்தேகம். எங்கிருந்து பார்ப்பது?

பழைய சவார் எழுதியது:

அங்கவடி வார்களிலிருந்து பாருங்கள். துளைகளை எண்ணினால் மட்டும் போதாது. இரண்டையும் கழற்றி ஒரே ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள். எல்லோரும் இடப்பக்கமாகவே ஏறுவதால் இடது வார் நாளடைவில் நீண்டுபோகும். வித்தியாசம் இருந்தால் வார்களை இடம் மாற்றிப் போட்டு, ஒரு வாரம் சவாரி செய்துவிட்டு எழுதுங்கள்.